மஞ்சள் கவுன் பெண் எதைப் பார்க்கிறாள்?

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். மூன்று வருடமாக அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் கடிதத்தைப் பிரிக்காமல் கிழிக்கிற ஆள் நீ இல்லை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுக் காகிதத்தைக்கூட இரண்டு தடவை படிப்பாயே. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைப் பற்றிக் குழந்தைகளுக்காக ஒரு புத்தகம் எழுதச் சொல்லி என் பதிப்பாளர் கேட்டார். முப்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். ஓவியப் பள்ளியில் சேர்ந்த முதல் பெண், தனியாகக் கண்காட்சி வைத்த முதல் பெண் என்று பெரியவர்களுக்கு எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு உட்கார வைத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். பாதிக்குமேல் எழுதியும் ஆகிவிட்டது.

ஆண் மாடல் நிற்கிற வகுப்பில் பெண் உட்காரக் கூடாது என்று அம்மாவைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்களே, அம்மா அந்தத் திரையில் விழுந்த நிழலையே வரைந்து முதல் பரிசு வாங்கினாளே, அது நான்காம் பக்கம். பரிசு நாளில் 'திரு' என்று சேர்த்துப் பெயரை வாசித்துவிட்டு, மேடையேறி வந்த அம்மாவிடம், "அண்ணன் வரலையாம்மா? நீ வாங்கிட்டுப் போறியா?" என்று தலைவர் கேட்டது ஆறாம் பக்கம்.

பதினான்காம் பக்கத்தில் 'மஞ்சள் கவுன்' வர வேண்டும். அது இல்லாமல் அம்மாவைப் பற்றிப் புத்தகம் போட்டால் ஊரே சிரிக்கும். அம்மா பேரைச் சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்பது வயதுப் பெண்தான். அதாவது நீ. படமோ உன்னிடம் இருக்கிறது. நல்ல புகைப்படம் ஒன்று எங்கு தேடியும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு நாள், ஒரு புகைப்படக்காரரை வீட்டுக்கு அனுப்பட்டுமா?

அந்தப் பக்கத்துக்கு நான் எழுதியிருப்பது இதுதான்: "இந்தப் பெண் ஓவியரின் மூத்த மகள். அம்மா கையில் பிரஷ் இருக்கும்வரை இவள் அசையவே மாட்டாள். மணிக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு சமர்த்து!"

உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

உன் தங்கை,
சிட்டு


ஜனவரி 24

தங்கைக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவைதான் படித்தேன்.

புகைப்படக்காரர் என்ற வார்த்தையை எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அம்மாவின் இரங்கல் கூட்டத்துக்கு நீ கூட்டி வந்தாயே ஒரு ஆள், மறந்துவிட்டதா? நாற்பத்தெட்டு வயதுக்காரியை அதே நாற்காலியில், அதே படத்துக்குக் கீழே உட்கார வைத்து, "அதே மாதிரி கையை மடியில வைங்க. ஆங், அப்படித்தான். அசையாதீங்க" என்றான். நீ பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாய். நான் எழுந்து வெளியே போனதற்கு, "அக்காவுக்குத் துக்கம் தாங்க முடியலை" என்று மைக்கில் சொன்னாயாம். துக்கமாவது மண்ணாவது.

எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவள் நான். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே இருபத்தெட்டு வருடம் ஓடிப்போனது. ஆனால் சொன்ன கையோடு "விட்ருங்க" என்றும் சொல்லிவிடுவேன். இரண்டு நொடிக்குமேல் யாரையும் அப்படிப் பிடித்து வைத்ததில்லை. குழந்தை என்றால் அந்த இரண்டு நொடிகூட எனக்குத் தாங்காது.

'சமர்த்து' என்ற வார்த்தையை எடுத்துவிடு. மற்றதை உன் இஷ்டம்போல எழுதிக்கொள். படம் மாடியில் அம்மாவின் அறையில் இருக்கிறது. அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். யாரும் வர வேண்டாம்.

லீவு நாளில் நான் வீட்டில் இருந்தால், பத்து மணிக்கு அந்த அறைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. வரைய உட்காரும் முன்னால் பிரஷ்ஷின் பின்பக்கத்தைத் தகர டப்பாவில் இரண்டு தரம் தட்டுவாளே, அந்தச் சத்தம். போன வாரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்றிருந்தது.

உனக்கு இதை ஏன் எழுதினேனோ. புத்தகத்தில் போட்டு வைக்காதே.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

மைக்கில் நான் அப்படிச் சொன்னது தப்புதான். நீ எழுந்து போனதும் ஐம்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்காக மூன்று வருடமா? நீ ஏன் எழுந்து போனாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நம் வீட்டில் யாரும் எதையும் சொல்லித் தொலைப்பதில்லை.

மாடியில் எலி இருக்கும். ஆள் வைத்துப் பார். கேலி செய்யவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். நீ தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் இங்கே நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன் அல்லவா, இந்த வாரம் நம் புத்தகத்தை வாசித்தேன். இருபது பிள்ளைகள். திரைக்குப் பின்னால் நிழலை வரைந்த இடத்தில் கை தட்டினார்கள். ஒரு பையன் உடனே சுவரில் முயல் நிழல் காட்ட ஆரம்பித்துவிட்டான், அவனை உட்கார வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அம்மா ஒவ்வொரு நாளும் வரைந்து முடித்ததும், பிரஷ்ஷில் மிச்சமிருக்கும் வெள்ளையால் படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது குறித்து வைப்பாளே, அதையும் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என்னிடம் இருக்கும் நான்கு படங்களின் முதுகையும் திருப்பிக் காட்டினேன். "வியாழன். மூக்கு சரியில்லை. நாளை." "திங்கள். மழை. வெளிச்சம் இல்லை. சண்டை போட்டேன்." பிள்ளைகளுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பிடித்திருந்தது. யாரோடு சண்டை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பிறகு பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய மங்கலான 'மஞ்சள் கவுன்' படத்தைக் காட்டினேன். முன்வரிசையில் ஒரு பொக்கைவாய்ச்சி உண்டு, முன்பல் இரண்டும் விழுந்தவள். அவள் எழுந்து பக்கத்தில் வந்து மூக்கு இடிக்கப் பார்த்தாள். "இந்த அக்கா எதைப் பாக்கறாங்க?" என்றாள். நான், "அம்மாவைப் பாக்கறாங்க" என்றேன். "இல்லை. அம்மா இங்கேதானே இருப்பாங்க, நம்ம பக்கம். இவங்க அந்தப் பக்கம் பாக்கறாங்க" என்றாள்.

நாற்பது வருடமாக எழுதுகிறவர்கள், 'எங்கோ தொலைவில், தன் எதிர்காலத்தைப் பார்க்கும் கண்கள்' என்றெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நானும் அதையே நம்பியிருந்தேன். பொக்கைவாய்ச்சி விடவில்லை. "பின்னாடி திருப்புங்க. அங்கே எழுதியிருப்பாங்கல்ல?" என்றாள். அடுத்த வாரம் கேட்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்டார்கள். இரண்டு என்றேன். நடுவில் ஒரு குழந்தை காய்ச்சலில் போனதைப் புத்தகத்தில் எழுதவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு?

ஆகவே, அக்கா, நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

சிட்டு


பிப்ரவரி 17

தங்கைக்கு,

பின்னால் ஒன்றும் இல்லை. துணி ஒட்டியிருக்கிறது.

காய்ச்சல் இல்லை.

இனி அந்தப் படத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா


மார்ச் 1

அக்கா,

'அன்புள்ள' என்று போட மனசு வரவில்லை, மன்னித்துக்கொள்.

காய்ச்சல் இல்லை என்றால் வேறு என்ன? இரண்டே வார்த்தை எழுதிவிட்டு, இனி எழுதாதே என்கிறாய். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவரும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது என்பதற்காக அது எனக்குச் சம்பந்தம் இல்லாதது ஆகிவிடுமா?

அந்தக் குழந்தையின் புகைப்படம் ஒன்றாவது வீட்டில் உண்டா? பேராவது யாராவது சொன்னீர்களா? பத்து வயதில் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். அம்மா எழுந்து போய்ப் பிரஷ்களைக் கழுவ ஆரம்பித்தாள். காய்ந்து சுத்தமாக இருந்த பிரஷ்களை.

அம்மாவின் நூற்றுச் சொச்சம் படங்களில் நான் பார்த்தவை எல்லாவற்றிலும் முதுகில் எழுத்து இருக்கிறது. துணி ஒட்டியது அது ஒன்றுதான். படம் சீர்செய்கிறவர் ஒருவரிடம் கேட்டேன். கிழிந்த படத்துக்குத்தான் பின்னால் துணி ஒட்டுவார்களாம். 'மஞ்சள் கவுன்' கிழிந்ததே இல்லையே!

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்து வைத்துப் புண்ணாகிவிட்டது. வீட்டுக்கு வந்து போகிற பால்காரர்வரை என்னைச் 'சிட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். நீ மட்டும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. 'ஏய்', 'இந்தா', 'தங்கச்சி'. பள்ளிக்கூடத்தில் என்னைத் தேடி வந்தால்கூட வாசலில் நின்று கையைத்தான் தட்டுவாய். என் பேர் உனக்கு அவ்வளவு கசந்ததா? நான் உனக்கு என்ன செய்தேன்?

நீ பதில் எழுதவில்லை என்றால், அடுத்த மாதம் நானே கிளம்பி வருகிறேன். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டுமென்றால் உடைப்பேன்.

தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

பூட்டை உடைக்க வேண்டாம். எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இதை உட்கார்ந்து படி.

வரையும்போது அம்மாவுக்கு ஒரு விதி உண்டு. பிரஷ்ஷை அவள் கீழே வைக்கும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது. அவ்வளவுதான். ஒரு தடவை எறும்பு கடித்துக் காலை உதறினேன். அன்றைக்கு வரைந்ததை எல்லாம் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு என்னைப் போல ஆடாமல் உட்கார ஆள் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள். "எம் பொண்ணு மரக்கட்டை மாதிரி உக்காருவா பாருங்க" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும் என்பதால் என் நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருக்கும். அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். ஜன்னலுக்கு வெளியே கீழே கொல்லையும் செடிகளும் செடிக்கு ஊற்ற ஒரு சிமென்ட் தொட்டியும். அந்தத் தொட்டியை நீ பார்த்ததில்லை. நீ பிறக்கும்போது அதை இடித்து மண் போட்டு மூடியாகிவிட்டது.

நடுவில் இருந்தவளுக்கு மூன்று வயது. தூங்க வைத்துவிட்டுத்தான் அம்மா வரைய வந்தாள். டப்பாவில் இரண்டு தட்டு தட்டினாள். பத்து மணி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. கொல்லைக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். கையில் தகரக் குவளை. அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து அவளும் ஊற்றுவாள், அது அவளுக்கு விளையாட்டு. தொட்டி விளிம்பில் வயிற்றை வைத்து எக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். "அம்மா, திரும்பிப் பாரு" என்று மூன்று வார்த்தை. வாய் திறக்கவில்லை. அசைந்தால் சுரண்டிவிடுவாள், பேச மாட்டாள் என்று தோன்றியது. இப்போது முடித்துவிடுவாள், இதோ பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவாள், வைத்த உடனே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா, "ஆ! அப்படியே இரு, கண்ணு. அப்படியே. நல்லா இருக்கு" என்றாள். நான் அசையாமல் இருப்பதைத்தான் மெச்சுகிறாள் என்று இன்னும் இறுகி உட்கார்ந்தேன்.

குவளை மட்டும் வெளியே விழுந்து உருண்டது. அதன் சத்தம் மேலே வரவில்லை.

அம்மா பிரஷ்ஷை வைத்தபோது என்னால் பேச முடியவில்லை. கீழே போய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினாள். வீட்டுக்குள்ளேயே தேடினாள். பிறகு தொட்டிப் பக்கம் போய்க் கத்தினாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். சாயங்காலம் அப்பா வந்துதான் என்னைத் தூக்கி எடுத்தார். கை மடியிலிருந்து பிரியவில்லை என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

காய்ச்சல் என்று சொல்லச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நான் பார்த்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து அந்தப் படத்தை வெளியே எடுத்தாள். அதில் என் கண் ஜன்னல் பக்கம் பார்க்கிறது. நான் கண்ணைக்கூட அசைக்கவில்லை, எனக்குத் தெரியும். கடைக்கண்ணால்தான் பார்த்தேன். ஆகவே அதற்குப் பிறகு அவளாகவே அப்படி மாற்றி வரைந்திருக்கிறாள். அவளுக்கு எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது. 'நீ பார்த்தாய், பார்த்தும் சும்மா இருந்தாய்' என்று வாயால் சொல்லாமல் வரைந்து மாட்டிவிட்டாள். உலகம் முழுவதும் அதை அழகு என்கிறது. நாற்பத்திரண்டு வருடமாக நான் அதற்குக் கீழே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் இருந்தவளின் பேரைக் கேட்டாயே. அவள் பேர் சிட்டு. நீ பிறந்ததும் அதையே உனக்கு வைத்தார்கள். தொட்டி பக்கம் நின்று அம்மா கூப்பிட்ட பேரை என்னால் கூப்பிட முடியவில்லை. உன்மேல் ஒரு கசப்பும் இல்லை. நீ தவழ ஆரம்பித்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை நான் உன்னைக் கண்ணைவிட்டு நகரவிட்டதில்லை. அதை நீ அடக்குமுறை என்று நினைத்தாய்.

இதுதான் நான் பார்த்தது. உன் பொக்கைவாய்ச்சிக்கு எப்படிச் சொல்வாயோ, சொல்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

நான்கு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நீ ஒன்பது வயதுப் பிள்ளை. இதை நான் எப்படி எழுதினாலும் உனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிதான் இருக்கும், உனக்கோ ஆறுதல் என்றாலே ஆகாது. ஆனாலும் எழுதுகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது சில விஷயங்கள் புரிகின்றன. அம்மா, "சிட்டு" என்று கூப்பிடுவாள். நான் எதிரிலேயே நிற்பேன். அவள் முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், பிறகுதான் என்னைப் பார்ப்பாள். ஓவியர்களுக்கு வெளிச்சம் பார்க்கிற வழக்கம் என்று நினைத்திருந்தேன். எனக்கு நான்கு வயது ஆன அன்று கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். இவ்வளவு பாசமா என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அவள் அன்றைக்கு யாருக்காக அழுதாளோ. கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட நேற்றிலிருந்து பயமாக இருக்கிறது.

அம்மா என்னை ஒரு தடவைகூட வரைந்ததில்லை என்று உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிப்பாளரிடம் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். பொக்கைவாய்ச்சி முன்பல் ஒன்று முளைத்து வந்திருந்தாள். "கேட்டீங்களா? பின்னாடி என்ன இருக்காம்?" என்றாள். துணி ஒட்டியிருக்காம் என்றேன். "துணிக்கு அடியில?" என்றாள். தெரியாது என்றேன். "நீங்க எல்லாரும் பெரியவங்கதானே, யாருமே பாக்கலையா?" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

நான் அடுத்த வாரம் வரட்டுமா? படத்தைப் பார்க்க இல்லை.

தங்கை
(அந்தப் பேரை எழுதிக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.)


ஏப்ரல் 9

சிட்டு,

எழுதிப் பார்த்தேன். எழுத முடிகிறது. உன் பேர்தான் அது, நாற்பத்தொரு வருடமாக நீதான் அதை வைத்திருக்கிறாய். பயப்படாமல் கையெழுத்துப் போடு.

உன் பொக்கைவாய்ச்சி என் தூக்கத்தைக் கெடுத்தாள். துணிக்கு அடியில் என்ன என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தே பயந்து செத்தவள் பின்பக்கம் எங்கே போவது? ஆனால் அம்மா பின்னால் எழுதுவது வெள்ளையால். அவள் வைத்திருந்த பழைய வெள்ளையில் ஈயம் உண்டு. டப்பாவைத் தொட்டால் கை கழுவச் சொல்லி விரட்டுவாள். ஈயம் என்னவென்று எனக்கா தெரியாது? எக்ஸ்ரே கதிர் மேலே படாமலிருக்க நான் தினம் மாட்டிக்கொள்கிற அங்கியே ஈயம்தான். கதிர் அதைத் தாண்டாது. பிலிமில் பளிச்சென்று வெள்ளையாக விழும். எலும்பைவிட நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறந்து படத்தை இறக்கினேன். போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஞாயிறு மத்தியானம் எங்கள் பக்கம் கூட்டம் இருக்காது. தரை துடைக்கிற அம்மாள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். மேசைமேல் வைத்ததும், "யாரும்மா இந்தப் பேஷண்ட்டு? எங்கே அடி?" என்றாள். கைக்குழந்தையின் விரலுக்கு வைக்கிற அளவு, இருப்பதிலேயே குறைந்தது, அதை வைத்தேன். மூன்று பிலிம் வேண்டியிருந்தது. பழக்கதோஷம், பொத்தானை அழுத்தும்போது, "அசையாதே" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

பிலிமைக் கழுவி விளக்குப் பெட்டியில் மாட்டினேன். முதலில் என் முகம். சிட்டு, அதில் நான்கு கண்கள் இருந்தன. மேலே ஜன்னல் பக்கம் பார்க்கிற இரண்டு. அவற்றுக்கு அடியில், முதலில் வரைந்த இரண்டு. அவை நேராக அம்மாவைப் பார்க்கின்றன. மாற்றித்தான் வரைந்திருக்கிறாள், நான் நினைத்தது சரி. கீழே நெஞ்சுக்கு நேராக எழுத்து தெரிந்தது. பின்பக்கத்து எழுத்து, அதனால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக இருந்தது. பிலிமைத் திருப்பி மாட்டிப் படித்தேன்.

மேல் வரி, எல்லாப் படத்திலும் இருக்கிற மாதிரி: "செவ்வாய். பத்து மணி. கை முடிந்தது. கண் முடிந்தது."

அதற்குக் கீழே வேறு ஒரு நாள் எழுதியது. எழுத்து ஆடியிருக்கிறது. உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

"அவள் கண் ஜன்னலுக்குப் போனது. பார்வை நன்றாக இருந்தது. அப்படியே இரு என்றேன். போட்ட கண்ணின் மேலேயே அதை வரைந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவள் கண்ணால் சொன்னாள். நான் வரைந்துகொண்டிருந்தேன்."

அவ்வளவுதான்.

நான் கண்ணை அசைத்திருக்கிறேன், சிட்டு. எனக்குத் தெரியாமலேயே அசைத்திருக்கிறேன். அவள் மெச்சியது நான் மரக்கட்டையாக இருந்ததை அல்ல, அந்தப் பார்வையை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் சொல்லியிருக்கிறேன். விளக்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். தரை துடைக்கிற அம்மாள் ஓடி வந்து பிலிமைப் பார்த்து, "கேன்சரா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

டீ குடித்து முடித்த பிறகு கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. அந்த வரியை எழுதினாளே, அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வாயால் சொல்ல அவளுக்கு நாற்பது வருடம் இருந்தது. பத்து வயதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த வரன்களை எல்லாம் நான் தட்டிக் கழித்தபோது சொல்லியிருக்கலாம். எனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று நான் சொன்ன அன்று, ஏன் என்று கேட்டாவது தொலைத்திருக்கலாம். கடைசி மாதத்தில் நான்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன், என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்போதும் சொல்லவில்லை. என்னை விடுவிக்கிற வார்த்தையை எழுதிவிட்டு, அதன்மேல் பசை தடவித் துணியை ஒட்டிவிட்டாள். தன் தப்பைத்தான் மூடினாள், எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு அடியில் நானும் அல்லவா மாட்டிக்கொண்டேன்?

புத்தகத்தை நிறுத்தாதே. பதிப்பாளரிடம் போய்க் கேட்டு வாங்கு. அம்மா பெரிய ஓவியர்தான், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. திரைக்குப் பின்னால் உட்கார வைத்தவர்கள்முன் நிமிர்ந்து நின்றவள். அதையெல்லாம் எழுது. தெய்வம் என்று மட்டும் எழுதாதே. புகைப்படக்காரரை அனுப்பு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டேன்.

பதினான்காம் பக்கத்தை நானே எழுதியிருக்கிறேன். உன் நடைக்கு மாற்றிக்கொள்ளலாம், பொருளை மாற்றாதே:

"இந்தப் பெண் ஓவியரின் மூத்த மகள். இவளுக்கு ஒரு குட்டித் தங்கை இருந்தாள், பேர் சிட்டு. இவள் ஜன்னல் வழியாகச் சிட்டுவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிட்டு ஆபத்தில் இருக்கிறாள். இவள் அம்மாவிடம் சொல்ல நினைக்கிறாள், ஆனால் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், யார் எவ்வளவு முக்கியமான வேலையில் இருந்தாலும், எழுந்து கத்துங்கள். திட்டினால் திட்டட்டும்."

பொக்கைவாய்ச்சியிடம் முதலில் படித்துக் காட்டு. அவள் சரி என்றால் சரி.

இன்று எனக்கு லீவு. பத்து மணிக்குச் சத்தம் கேட்டது, இரண்டு தட்டு. படம் மாடியில் இல்லை, கீழே என் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன், ஆனாலும் கேட்டது. தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் வழக்கம்போல அப்படியே நின்றேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மூடினேன். ஈரக் கையோடு மாடிக்கு ஏறிப் போய், கதவைத் தள்ளி, அந்தக் காலி அறையில் நின்றேன். "அம்மா, திரும்பிப் பாரு!" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

நீ அடுத்த வாரம் வா.

அக்கா